எதை இழுத்து வைத்தாலும் பாட்டாகிறதே, எப்படி?

திரையில் ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே உடம்பு. சத்தமே இல்லை. கீழே 20 சின்னச் சின்னப் படங்கள். அதில் ஒன்றை இழுத்து ஒருவன் மேல் போட்டால், அவனுக்குத் தொப்பியோ கண்ணாடியோ முளைக்கிறது. வாயாலேயே தாளம் போட ஆரம்பிக்கிறான். அடுத்தவன் மேல் இன்னொரு படம். அவன் அடிக்குரலில் ஏதோ முனகுகிறான். மூன்றாமவன் ஒரு மெட்டைப் பிடிக்கிறான். இரண்டு நிமிடத்தில் ஏழு பேரும் சேர்ந்து பாடுகிறார்கள், கேட்கவும் நன்றாக இருக்கிறது. இழுத்துப் போட்டவருக்கு ச-ப-ச கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதுதான் இன்கிரெடிபாக்ஸ். சோ ஃபார் சோ குட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2009-இல் வெளியிட்ட பிரவுசர் விளையாட்டு. இன்றும் அதன் தளத்துக்குப் போனால் சில பதிப்புகளைச் சும்மாவே விளையாடிப் பார்க்கலாம். எல்லாப் பதிப்புகளும் வேண்டுமென்றால் காசு கொடுத்து ஆப் வாங்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இதே வகையில் வந்திருக்கும் மற்ற விளையாட்டுகளும் புரிந்துவிடும். அதனால் இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இசை விளையாட்டு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது வேறு ஒன்று. மேலிருந்து கட்டங்கள் விழும், சரியான நொடியில் பட்டனைத் தட்ட வேண்டும், தவறினால் புள்ளி போய்விடும். ஜப்பானில் 1998-இல் வந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், அமெரிக்காவில் 2005-இல் வந்த கிட்டார் ஹீரோ எல்லாம் அந்த ரகம். அங்கே பாட்டு ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் அதைத் துரத்துகிறீர்கள். விளையாடி முடித்தால் உள்ளங்கை வியர்த்திருக்கும். இன்கிரெடிபாக்ஸ் ரகத்தில் துரத்தல் கிடையாது. ஸ்கோர் இல்லை, கடிகாரம் இல்லை, தோல்வி இல்லை. நீங்கள் சும்மா இருந்தால் அவர்களும் அதே இடத்தையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, தோல்வி இல்லை என்று சொல்வது சுலபம். ஆனால் இசையில் தோல்வி என்பது ஸ்கோர் போர்டில் தெரிவதில்லை, காதில் தெரியும். ஆர்மோனியத்தில் ஒரு குழந்தை இஷ்டத்துக்கு ஏழு கட்டைகளை அழுத்தினால் வீட்டில் இருப்பவர்கள் வெளியே ஓடுவார்கள். இங்கே ஏன் அப்படி நடப்பதில்லை?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 20 ஒலிகளிலிருந்து 7 ஒலிகளைத் தேர்ந்தெடுக்க, யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், 77,520 வழிகள் இருக்கின்றன. ஏழுக்குக் குறைவாக வைப்பதெல்லாம் தனி. இத்தனையையும் ஒவ்வொன்றாகக் கேட்டு "இது சரி, இது வேண்டாம்" என்று எந்த இசையமைப்பாளரும் சொல்ல முடியாது. அதனால் கேட்டுப் பார்க்கத் தேவையில்லாதபடி முன்கூட்டியே சில கட்டுப்பாடுகளைப் போட்டுவிடுகிறார்கள். காலம், சுருதி, இடம் என்று மூன்று விஷயங்களில்.

காலத்தைப் பார்ப்போம். 20 ஒலிகளும் லூப்கள். அதாவது சில விநாடிகள் மட்டுமே நீளமுள்ள ஒலித்துண்டுகள். முடிந்த இடம் தொடங்கிய இடத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி வெட்டப்பட்டவை. நம் தாளத்தில் ஆவர்த்தனம் சுற்றி வருவது போலவே இதுவும் சுற்றும். எல்லாத் துண்டுகளும் ஒரே வேகத்தில் பதிவானவை. நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டுக்கு அரை விநாடி, எட்டுத் தட்டுக்கு 4 விநாடி. ஒரு துண்டு சரியாக 4 விநாடி, இன்னொன்று 8 விநாடி என்று மடங்குகளில் இருந்தால், எத்தனை முறை சுற்றினாலும் ஒன்றையொன்று விட்டு விலகாது. ஒன்று மட்டும் 4.1 விநாடி என்று வைத்துப் பாருங்கள். பத்துச் சுற்றில் முழுதாக ஒரு விநாடி தள்ளிப்போய், தாளமே இல்லாத இரைச்சலாகிவிடும்.

நீளம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, தொடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் ஒரு தந்திரம் வேலை செய்கிறது. நீங்கள் படத்தை இழுத்துப் போட்ட உடனே அவன் பாடமாட்டான். கொஞ்சம் காத்திருப்பான், எவ்வளவு நேரம் பாக்கி என்பதைத் திரையிலேயே ஒரு வட்டம் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தத் தட்டில்தான் சேர்ந்துகொள்வான். கச்சேரியில் பாதியில் வந்து சேரும் பக்கவாத்தியக்காரர் சமத்துக்காக, அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டுக்காகக் காத்திருப்பாரே, அதையே கம்ப்யூட்டர் உங்களுக்காகச் செய்கிறது. உங்கள் கை எவ்வளவு தாளம் தப்பினாலும் காதுக்கு அது தெரியாது. இந்த வகை விளையாட்டுகளில் வரும் நிதானத்துக்குப் பெரும் காரணம் இந்தச் சின்னக் காத்திருப்புதான் என்பது என் எண்ணம். அவசரப்பட்டுப் பயனில்லை என்று இரண்டாவது நிமிடத்திலேயே கைக்குப் புரிந்துவிடுகிறது.

அடுத்தது சுருதி. இது கொஞ்சம் சுவையான பகுதி, மெதுவாகப் போகலாம்.

ஒரு ஸ்தாயியில் 12 சுரஸ்தானங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை ஒரே நேரத்தில் அழுத்தினால் காதில் உரசும். கீபோர்டில் ஒரு வெள்ளைக் கட்டையையும் அதை ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், தெரியும். இப்போது சங்கராபரண ராகத்தின் ஏழு சுரங்களை எடுத்துக்கொள்வோம், ச ரி க ம ப த நி. இதில் இப்படி ஒரே ஒரு ஸ்தானம் மட்டும் இடைவெளி உள்ள ஜோடிகள் இரண்டே இரண்டுதான். காந்தாரமும் மத்தியமமும் ஒன்று, நிஷாதமும் மேல் ஷட்ஜமும் இன்னொன்று. இவை தவிர மத்தியமமும் நிஷாதமும் சேர்ந்தால் வரும் இடைவெளியும் இறுக்கமானது. எங்கேயோ போய்ச் சேர வேண்டும் என்று தவிக்கும். மூன்று ஜோடிகளையும் கவனித்தீர்களா? ஒவ்வொன்றிலும் மத்தியமமோ நிஷாதமோ இருக்கிறது. இந்த இரண்டு சுரங்களையும் எடுத்துவிட்டால் உரசல் அத்தனையும் ஒரேயடியாகப் போய்விடும்.

எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த. மோகனம்!

உலகம் முழுக்க ஐந்து சுர அளவைகள் நாட்டுப்பாடல்களிலும் தாலாட்டுகளிலும் கிடைப்பதற்கு இந்த உரசாத குணமும் ஒரு காரணமாக இருக்கலாம். மேற்கத்திய இசைக்காரர்கள் இதைப் பென்டாடோனிக் என்பார்கள். பியானோவின் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தாலும் இதே அமைப்புதான் வரும். வீட்டில் கீபோர்டு இருந்தால் ஒரு சின்னப் பிள்ளையைக் கறுப்புக் கட்டைகள் பக்கம் மட்டும் விட்டுப் பாருங்கள். யாரும் வெளியே ஓட மாட்டார்கள். (மோகன ராகம் என்பது வெறும் ஐந்து கட்டை இல்லை, கமகமும் சஞ்சாரமும் வேண்டும் என்று சங்கீதம் தெரிந்தவர்கள் கோபப்படுவது நியாயம். இங்கே பேசுவது அளவையைப் பற்றி மட்டுமே.)

பிரவுசர் இசை விளையாட்டுகளில் பல நேரடியாக இந்த ஐந்து சுரங்களை நம்பியே நிற்கின்றன. ஆந்திரே மிஷெல் என்பவர் உருவாக்கிய டோன்மேட்ரிக்ஸ் ஒரு நல்ல உதாரணம். 16-க்கு 16 கட்டங்கள். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அது ஒரு மணியோசை. இடமிருந்து வலமாக ஒரு கோடு நகர்வது போல வரிசையாக ஒலித்துக்கொண்டே சுற்றும். கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கினாலும் இனிமையாகவே வரும், காரணம் மேலே சொன்னதுதான். இன்கிரெடிபாக்ஸ் போன்றவற்றில் ஐந்து சுரம் என்ற கறார் இல்லை. அங்கே மெட்டுகளையும் குரல்களையும் ஒருவரே உட்கார்ந்து ஒரே சுருதியில், ஒன்றுக்கொன்று இடம்விடும்படி எழுதிவிடுகிறார். கூடுதல் உழைப்பு, ஆனால் கேட்பதற்கும் அதில் நிறம் அதிகம்.

மூன்றாவது கட்டுப்பாடு இடம். ஒரே உயரத்தில் ஏழு பேர் பாடினால் சுருதி சேர்ந்திருந்தாலும் ஒருவர் குரலை மற்றவர் மூடிவிடுவார்கள். அதனால் 20 ஒலிகளையும் நான்கு குடும்பங்களாக, ஐந்தைந்தாகப் பிரித்திருக்கிறார்கள்: தாளம், எஃபெக்ட், மெட்டு, குரல். தாளத்தின் கனமான அடி கீழே இருக்கும், 'த்ஸ்' என்ற சிறு ஓசைகள் உச்சியில் இருக்கும், நடுவில் மெட்டும் குரலும். எல்லாருக்கும் நிற்கத் தனி இடம். கல்யாணப் பந்தியில் எதை எதோடு பிசைந்து சாப்பிட்டாலும் ருசிக்கிறது என்றால் அது சாப்பிடுகிறவர் திறமை இல்லை, சமையற்காரர் யோசித்து வைத்த பட்டியல். இங்கேயும் அப்படித்தான்.

அப்படியானால் விளையாடுகிறவருக்கு என்ன வேலை? உண்மையைச் சொன்னால், நீங்கள் மெட்டுப் போடவில்லை. கோர்க்கிறீர்கள். சினிமா இசையில் அரேஞ்சர் என்று ஒருவர் இருப்பார். எந்த வாத்தியம் எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று தீர்மானிப்பவர். அந்த வேலையின் மழலை வடிவம் இது. விளம்பரங்களில் "நீங்களும் இசையமைப்பாளர்" என்று சொல்வது மிகை. ஆனாலும் கோர்ப்பது சின்ன விஷயம் இல்லை. காது கொடுத்துக் கேட்கப் பழகாமல் அதுவும் வராது.

முதல் தடவை விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் ஏழு பேர் மேலும் கிடைத்ததைப் போட்டு நிரப்பிவிட்டு, "சரி, அப்புறம்?" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தாளத்தில் ஒன்றே ஒன்றை வைத்து இரண்டு சுற்றுக் கேளுங்கள். அதன் மேல் ஒரு மெட்டு. மறுபடி கேளுங்கள். பிறகு ஒரு குரல். ஒவ்வொன்று சேரும்போதும் பழையது வேறு மாதிரி கேட்கும், அதுதான் இதில் உள்ள சுகமே. ஏழும் நிறைந்ததும் எடுக்க ஆரம்பியுங்கள். தாளத்தை மட்டும் எடுத்துவிட்டுக் குரல்களை அந்தரத்தில் விடுங்கள். ஒரு சுற்று கழித்துத் தாளத்தைத் திரும்ப வையுங்கள். நாம் ரசிக்கும் பல சினிமாப் பாடல்களில் சரணம் முடிந்து பல்லவி திரும்பும்போது புல்லரிக்கிறதே, அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த எடுத்து வைக்கும் வித்தைதான். ஒருவரைத் தொட்டால் அவரை மட்டும் ஊமையாக்கலாம், அவர் குரலை மட்டும் தனியாகக் கேட்கவும் செய்யலாம். தனியாகக் கேட்பது ரொம்ப உபயோகம். கூட்டத்தில் காதில் விழாமலே இருந்த ஒரு ஒலி எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

இலக்கே இல்லாமல் விளையாட முடியாதவர்களுக்கும் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட ஐந்து ஒலிகள் ஒன்றுசேர்ந்தால் பூட்டு திறந்து ஒரு சின்ன அனிமேஷனும் தனிப் பாட்டும் வரும். கண்டுபிடித்தால் சந்தோஷம், கண்டுபிடிக்காவிட்டால் நஷ்டம் இல்லை. கோர்த்ததைப் பதிவு செய்து லிங்க்காக நண்பர்களுக்கு அனுப்பவும் முடியும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ரசம் உண்டு. 2016-இல் வந்த ஐந்தாவது பதிப்பின் பெயர் பிரேசில். 2018-இல் வந்த ஏழாவது பதிப்புக்கு ஜீவன் என்று பெயர். இந்திய வாடையில் செய்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கண்ணில் பட்ட இந்தியா என்பதால் அதில் பாலிவுட் சாயல்தான், பறையையும் நாதஸ்வரத்தையும் தேடிப் போகாதீர்கள். ஆனால் கேட்கச் சுவாரஸ்யமாகவே இருக்கும்.

இனி பிரவுசர் பக்கம். ஆரம்பத்தில் இந்த விளையாட்டு ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடியது. அந்தக் காலத்து இணைய விளையாட்டுகள் முக்கால்வாசி அப்படித்தான். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷைக் கைவிட்டது; மாறிக்கொண்டவை பிழைத்தன, பல நல்ல விளையாட்டுகள் காணாமல் போயின. இப்போது ஒலியைப் பார்த்துக்கொள்வது வெப் ஆடியோ என்ற வசதி. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் உள்ளேயே இருக்கிறது. 2021-இல் அது இணையத் தரநிலையாக முறைப்படி ஏற்கப்பட்டது. அதன் சிறப்பு, அதற்கென்று தனிக் கடிகாரம் இருப்பது. பக்கத்தில் வேறு வேலை நடந்தால் பிரவுசரின் சாதாரணக் கடிகாரம் சில மில்லி விநாடிகள் தடுமாறும். படம் அசைவதில் அது தெரியாது. தாளத்தில் உடனே தெரிந்துவிடும், காது அவ்வளவு கறார். வெப் ஆடியோவிடம் "இந்தத் துண்டைச் சரியாக இந்த நேரத்தில் தொடங்கு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம். மேலே சொன்ன காத்திருப்பு வித்தை துல்லியமாக நடப்பதற்குக் காரணம் இதுதான்.

பக்கத்தைத் திறந்ததும் சத்தம் வரவில்லை என்று சிலர் மூடிவிடுவார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. கேட்காமலே விளம்பரங்கள் அலறுவதைத் தடுக்க, பயனர் எங்காவது ஒரு தடவை தொட்ட பிறகே ஒலியை அனுமதிப்பது என்று குரோம் 2018-இல் முடிவு செய்தது. மற்ற பிரவுசர்களிலும் இப்படிப்பட்ட கட்டுப்பாடு உண்டு. 'தொடங்கு' என்றொரு பட்டனை முதலில் வைப்பது அதற்காகவே. ஐபோனில் சைலன்ட் போட்டிருந்தாலும் பல சமயம் இந்த இசை வராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி ஒரு கணம் பிந்தி வருவது தட்டி விளையாடும் ரகத்தில் பெரிய தலைவலி. இங்கே நேரம் பார்த்துத் தட்டும் வேலையே இல்லாததால் பாதகமில்லை. ஹெட்போன் மட்டும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், போன் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி ஒலிகள் பாதி காணாமல் போகும்.

இதே குணமுள்ள வேறு இரண்டு. பாட்டாடாப் 2014-இல் வந்தது. கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஒலி, கூடவே திரையில் ஒரு வடிவம் வெடித்து மறையும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒலிகளும் நிறங்களும் மொத்தமாக மாறும். பிளாப் ஆப்பரா 2020 டிசம்பரில் டேவிட் லீ என்பவர் கூகுள் கலை, பண்பாட்டுத் தளத்துக்காகச் செய்தது. ஜெல்லி மாதிரி நான்கு உருண்டைகள். ஒன்றைப் பிடித்து மேலே இழுத்தால் சுருதி ஏறும், முன்னும் பின்னும் இழுத்தால் ஆ, ஓ, ஈ என்று உயிரொலி மாறும். மற்ற மூன்றும் தாமாகவே அதற்குப் பொருந்தும் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்கு ஆப்பராப் பாடகர்களின் குரல் பதிவுகளைக் கொடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கியிருக்கிறார்கள். லூப் இல்லாமல், முன்பே எழுதிவைத்த துண்டுகளும் இல்லாமல், தப்பான சுரம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையை இங்கே அந்தப் பயிற்சி செய்கிறது. வழி வேறு, நோக்கம் ஒன்றுதான்.

மனசு லேசாகும் என்று இவற்றைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கும் ஆகிறது. அதற்காக இதை மருந்து மாத்திரை அளவுக்குக் கொண்டுபோக வேண்டாம். கைக்குச் சின்ன வேலை, காதுக்குப் பழகிய சுற்று, தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் இல்லை. பத்து நிமிடம் வேறு கவலை ஓடாது. அதற்கு மேல் அதே லூப் காதில் குடியேறித் தொல்லை கொடுக்கும், மூடிவிட்டு எழுந்து போவது நல்லது.

பிள்ளைகளிடம் கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்கிரெடிபாக்ஸைப் பார்த்து ரசிகர்கள் செய்த நகல்கள் ஏராளம். அதில் 2024-இல், பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகும் ஸ்க்ராட்ச் தளத்தில் பிறந்து காட்டுத்தீயாகப் பரவியது ஸ்ப்ரங்கி. பார்க்கக் கலர் கலராகக் குழந்தை பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் பட்டியலில் உள்ள கறுப்புத் தொப்பியை யார் தலையிலாவது வைத்தால் திரை இருண்டு, அந்தப் பொம்மைகளே சிதைந்து ரத்தமாக மாறும். இசையும் திகில் படம் போலாகிவிடும். பெரிய பையன்களுக்கு அது ஜாலி. ஐந்து வயதுக் குழந்தைக்கு ராத்திரித் தூக்கம் போகும். போதாததற்கு அதே பெயரில் விளம்பரங்கள் நெரியும் தளங்கள் பல முளைத்திருக்கின்றன. அதனால் தேடலில் முதலில் வருவதைத் தொடாமல், அசல் தளத்தின் முகவரியை நீங்களே அடித்துத் திறந்து கொடுங்கள்.

கோர்ப்பது அலுத்துப்போய், சொந்தமாக ஒரு மெட்டுப் போட வேண்டும் என்று தோன்றினால் அடுத்த படி கூகுளின் குரோம் மியூசிக் லேப் தளத்தில் இருக்கும் சாங் மேக்கர். 2018-இல் வந்தது, இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். கட்டங்களில் நிறம் பூசினால் அது சுரம். கீழே தாளத்துக்கு இரண்டு வரி. செட்டிங்ஸைத் திறந்தால் மூன்று அளவைகள் இருக்கும். பென்டாடோனிக்கைத் தேர்ந்தெடுத்து மனம்போல் கிறுக்கிக் கேளுங்கள். பிறகு அதை மேஜருக்கு மாற்றுங்கள், அதுதான் நம் சங்கராபரணம். இதிலும் கிறுக்கிப் பாருங்கள், அங்கங்கே ஒரு முள் குத்தும், அந்த இடத்தில் பெரும்பாலும் மத்தியமமோ நிஷாதமோ உட்கார்ந்திருக்கும். கடைசியாக 12 சுரங்களும் உள்ள குரோமாட்டிக். அங்கே கிறுக்கினால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை, வால்யூமை மட்டும் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.